பிரவுசரின் கதை – 7: புகார் எழுதியவர்கள், எழுதாதவர்கள்

நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரின் மூல நிரலை 1998 மார்ச் 31 அன்று ஊரறியத் திறந்துவிட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். நிரல் திறந்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதோடு சேர்ந்து திறந்த இன்னொன்றைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அதுவரை அலுவலகத்துக்குள் ஊழியர்கள் மட்டுமே பார்த்துவந்த புகார்ப் பதிவேடு அது. அதற்குப் பதிலாக டெர்ரி வெய்ஸ்மன் என்ற பொறியாளர் புதிதாக ஒன்றை எழுதினார். பெயர் பக்ஸில்லா. மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் எவரும் உள்ளே போய், பிரவுசரில் கண்ட கோளாறை எழுதலாம். இந்த வசதி வேண்டும் என்று கேட்கவும் செய்யலாம். வந்தது எதுவானாலும் அதற்கு ஓர் எண் விழும். யார் என்ன பதில் சொன்னார், எப்போது சொன்னார், எப்போது கிடப்பில் போட்டார் எல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே வரிசையாக நிற்கும். 2014 ஏப்ரலில் அந்த எண் பத்து லட்சத்தைத் தொட்டது.

ஒரு மென்பொருளோடு மல்லுக்கட்டிய மனிதர்களின் இவ்வளவு பெரிய ஆவணம் வேறெங்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வாரம் அதற்குள் நுழைவோம்.

பக்ஸில்லாவின் படிவம் மூன்று கேள்விகள் கேட்கும். என்னென்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது? "பிரவுசர் அடிக்கடி ஹேங் ஆகிறது, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால் எந்தப் பொறியாளராலும் எதுவும் செய்ய முடியாது. அதையே "ஆறு பக்க பி.டி.எஃப். ஒன்றைத் திறந்தேன், மூன்றாம் பக்கத்தில் அச்சிடக் கொடுத்தேன், முன்னோட்டம் வெள்ளையாக நின்றுவிட்டது, வேறு கணினியிலும் இதே கதை" என்று எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி. பொறியாளர் தன் மேசையில் அதே கோளாறை வரவழைத்துப் பார்க்கலாம். வரவழைக்க முடிந்த கோளாறைத்தான் சரிசெய்ய முடியும். சம்பளமில்லாமல் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்துகொடுத்தவர்கள் ஏராளம். நெட்ஸ்கேப் திறந்த நிரலின் வழிவந்த ஃபயர்பாக்ஸை உருவாக்கியவர்கள் பட்டியலில் அவர்களுக்கும் இடம் உண்டு என்பேன்.

எழுதியவர்கள் கேட்டதெல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை. எண் 25537 நல்ல உதாரணம். வலைப்பக்கத்தில் ஒரு படத்தின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோனால் சின்ன மஞ்சள் கட்டத்தில் சில சொற்கள் எட்டிப்பார்க்குமே, அது தொடர்பான புகார். பழைய நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் படத்துக்குரிய 'ஆல்ட்' வாசகத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் காட்டிவந்தன. திறந்த நிரலிலிருந்து வளர்ந்த புதிய மொசில்லா பிரவுசர் காட்டவில்லை. இது கோளாறு, சரிசெய்யுங்கள் என்று ஆள் மாற்றி ஆள் எழுதினார்கள். மொசில்லா மறுத்துவிட்டது. கட்டத்தில் காட்டுவதற்கு 'டைட்டில்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, பக்கத்தை எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்தட்டும் என்பது அவர்களுடைய பதில்.

வெறும் பிடிவாதம் போலத்தான் முதலில் படும். ஆல்ட் வாசகம் யாருக்கானது என்று கேட்டால் விஷயம் விளங்கும். படம் வந்து சேராதபோது அதன் இடத்தில் நிற்க வேண்டிய வாசகம் அது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டு வலைப்பக்கம் படிக்கும்போது, படம் வரும் இடத்தில் அவர் காதில் விழுவது அந்த வாசகம்தான். அது மவுஸ் நுனியில் எட்டிப்பார்க்கும் அலங்காரமாக மாறிவிட்டால், பக்கம் எழுதுகிறவர்கள் அங்கே துணுக்கு எழுதுவார்கள். அல்லது கட்டம் எட்டிப்பார்ப்பது தொந்தரவு என்று காலியாக விட்டுவிடுவார்கள். இரண்டிலும் இழப்பு, கட்டத்தைப் பார்க்கவே முடியாதவருக்கு. கேட்டவர்கள் பலர், கேட்காமலே பாதிக்கப்பட இருந்தவர்கள் சிலர். மொசில்லா அந்தச் சிலர் பக்கம் நின்றது. 2009இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, தானும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது.

இதே கணக்கு கூகுள் குரோமில் வேறொரு வடிவில் வந்தது. பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும் வசதி அதில் இருந்தது. 2016 ஜூலையில் வெளியான குரோம் 52இல் அதை நீக்கினார்கள். பழக்கப்பட்டவர்கள் கொதித்துப்போனார்கள். "என் விரலுக்குப் பழகியதைப் பிடுங்க நீங்கள் யார்?" என்ற தொனியில் புகார்கள் குவிந்தன. கோபம் எனக்குப் புரிகிறது. பத்து வருடப் பழக்கம் ஒரு காலைப்பொழுதில் இல்லாமல் போனால் எவருக்கும் எரிச்சல் வரும்.

ஆனால் நீக்கியவர்கள் கையில் இரண்டு எண்கள் இருந்தன. பார்க்கப்படும் பக்கங்களில் 0.04 சதவீதத்தில் பேக்ஸ்பேஸ் மூலம் பின்னே போகிறார்கள், 0.005 சதவீதத்தில், படிவம் ஒன்றில் எதையோ நிரப்பிய பிறகு அப்படிப் போகிறார்கள். இரண்டாவது எண்தான் முக்கியம். வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு எழுத்தைத் திருத்த நினைக்கிறீர்கள். கர்சர் கட்டத்தை விட்டு வெளியே வந்திருப்பதைக் கவனிக்கவில்லை. பேக்ஸ்பேஸைத் தட்டியதும் பக்கம் பின்னே ஓடிவிடுகிறது, எழுதியதெல்லாம் போயிற்று. நூறு கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் பிரவுசரில் லட்சம் பக்கத்துக்கு ஐந்து என்பது சிறிய எண்ணல்ல.

அப்படி இழந்தவர்களில் எத்தனை பேருக்குத் தாம் அழுத்திய விசைதான் காரணம் என்று தெரிந்திருக்கும்? இணையம் சரியில்லை, கம்ப்யூட்டர் சரியில்லை, தனக்குத்தான் தெரியவில்லை என்று நொந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து நிரப்பியிருப்பார்கள். காரணம் தெரியாதவர் புகார் எழுத முடியாது. விசையின் பயன் தெரிந்தவர்கள் எழுதினார்கள், அதனால் அடிபட்டவர்கள் எழுதவில்லை. குரோம் எடுத்தது சரியான முடிவு. பழைய பழக்கம் வேண்டும் என்பவர்களுக்குக் கூகுளே ஒரு எக்ஸ்டென்ஷன் செய்து கொடுத்தது. 2021 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் இதே வழிக்கு வந்தது.

எழுதியவர்கள் பக்கம் முழு நியாயமும் இருந்து, பதில் வரத் தாமதமான கதைக்கு இப்போது வருவோம். ஃபயர்பாக்ஸ் பயன்படுத்திய எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது: "மெமரியைத் தின்னுது." காலையில் திறந்துவைத்த பிரவுசர் மாலைக்குள் கணினியையே தள்ளாட வைக்கும். டேப்களை மூடினாலும் மெமரி திரும்பி வராது. 2006 பிப்ரவரியில், ஃபயர்பாக்ஸின் முன்னணிப் பொறியாளர்களில் ஒருவரான பென் குட்ஜர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மெமரிக் கசிவு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்ப்பதில் ஒரு பகுதி கசிவே அல்ல, வசதி என்றார். பின்னே போகும் பட்டனை அழுத்தினால் பக்கம் சட்டென்று வர வேண்டும் என்பதற்காக, பார்த்து முடித்த பக்கங்கள் எட்டு வரை மெமரியிலேயே வைத்திருக்கிறோம் என்று விளக்கினார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை, புகார் எழுதியவர்களின் வாயை அடைக்கத்தான் பயன்பட்டது. 'அது கோளாறில்லை, வசதி' என்ற வாக்கியம் வருடக்கணக்கில் கேலியாகச் சுற்றிவந்தது. அந்த இடைவெளியில் குரோம் வந்துவிட்டது. நொந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அதற்கு மாறிப்போனார்கள்.

2011இல்தான் நிக்கலஸ் நெதர்கோட் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் முன்னின்று 'மெம்ஷ்ரிங்க்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மெமரி பற்றிய புகார்களை ஒன்றுவிடாமல் எடுத்து, எது அவசரம் எது காத்திருக்கலாம் என்று கூடி உட்கார்ந்து பிரித்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, முகவரிப் பட்டையில் 'அபவுட்:மெமரி' என்று தட்டினால் வரும் பக்கத்தைச் செம்மைப்படுத்தியது. எந்த டேப், எந்த ஆட்-ஆன், எத்தனை மெகாபைட் என்று கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் பக்கம் அது. அதுவரை 'தின்னுது' என்று மட்டும் சொல்ல முடிந்தவர், இனி அந்தக் கணக்கை அப்படியே புகாரில் ஒட்டி அனுப்பலாம். "கசிவு எங்கே, காட்டு" என்று பயனரைக் கேட்பதற்கு முன், காட்டுவதற்கான கருவியை அவர் கையில் கொடுத்தார்கள். ஐந்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது.

பலனும் வந்தது. 2011 செப்டம்பரில் வெளியான ஃபயர்பாக்ஸ் 7 மெமரிப் பயன்பாட்டைக் கண்கூடாகக் குறைத்தது. மிச்சமிருந்த கசிவுகளில் பெரும்பங்கு ஆட்-ஆன்களிலிருந்து வருகிறது என்பதும் தெரியவந்தது. நீங்கள் டேப்பை மூடிவிடுவீர்கள். ஏதோ ஒரு ஆட்-ஆன் மட்டும் அந்தப் பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அது பிடித்திருக்கும் வரை மெமரி விடுபடாது. ஆயிரக்கணக்கான ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாகத் திருத்த முடியுமா? 2012 ஆகஸ்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 15, டேப் மூடியதும் அந்தப் பிடியைத் தானே அறுத்துவிட்டது. மக்கள் முதலிலிருந்தே சொன்னது சரி, டேப்பை மூடினாலும் மெமரி திரும்பவில்லைதான்.

எண்களை நம்பி இடறியதும் உண்டு. 2011 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 4இல் டேப்களைக் குழுக்களாகப் பிரித்துவைக்கும் 'பனோரமா' இருந்தது. ஏசா ராஸ்கின் வடிவமைத்தது. அலுவலக வேலை ஒரு குழு, வீட்டு வேலை ஒரு குழு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தேடிப்போனால்தான் கண்ணில் படும். அதனால் மிகச் சிலரே பயன்படுத்தினார்கள். சிலரே பயன்படுத்துகிறார்கள், நிரலைப் பராமரிப்பதோ கஷ்டம் என்று 2016 மார்ச்சில், ஃபயர்பாக்ஸ் 45இல் தூக்கிவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்களுக்காக ஒருவர் ஆட்-ஆன் எழுதிக் காப்பாற்றினார்; 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 பழைய வகை ஆட்-ஆன்களையே நிறுத்தியபோது அதுவும் போயிற்று. 2020இல் குரோம் அதே டேப் குழு வசதியைக் கண்ணெதிரே, டேப் வரிசையிலேயே வைத்துக் கொடுத்தது. ஃபயர்பாக்ஸ் பயனர்கள் மறுபடி கேட்கத் தொடங்கினார்கள். 4,500 பேர் கேட்டார்கள், செய்துவிட்டோம் என்று 2025 ஏப்ரலில் மொசில்லா அறிவித்தது. கையில் இருந்ததைத் தூக்கிப்போட்டு, ஒன்பது வருடம் கழித்துப் புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒளித்துவைத்த வசதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி, அது வேண்டாம் போலிருக்கிறது என்று முடிவுகட்டியதுதான் தவறு.

தமிழ் வாசகர்கள் நேரடியாக அனுபவித்த ஒரு கோளாறும் இந்தக் கதையில் உண்டு. 2004இல் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி தொடங்கியதிலிருந்து தமிழ் வலைப்பதிவுகளைப் படித்துவந்தவர்களுக்கு நினைவிருக்கும். பத்தியின் இரு ஓரமும் நேராக நிற்கும்படி பதிவர் 'ஜஸ்டிஃபை' செய்திருந்தால், விண்டோஸில் ஓடிய ஃபயர்பாக்ஸில் தமிழ் உடைந்துபோகும். கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். துணைக்கால் எங்கோ நிற்கும். புள்ளி தன் எழுத்தை விட்டு விலகி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியாது. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தால் வரி வந்துவிடும்; தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து ஓர் உருவமாக வேண்டும், அதை அன்றைய ஃபயர்பாக்ஸ் ஜஸ்டிஃபை செய்த வரிகளில் செய்யவில்லை.

இந்தப் புகார் பெரும்பாலும் எங்கே எழுதப்பட்டது என்பதைப் பாருங்கள். பதிவுக்குக் கீழே, பின்னூட்டத்தில். "நல்ல பதிவு. நெருப்புநரியில் எழுத்து உடைகிறது, ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்களேன்." பதிவரும் நல்ல மனதோடு எடுத்துவிடுவார். பிரவுசரின் கோளாறுக்கு எழுதியவர் தன் பக்கத்தைத் திருத்திக்கொண்டார். அந்தப் புகார் பக்ஸில்லாவில் எண் பெறாமலே தீர்ந்துபோனது. பக்ஸில்லாவின் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே போய் எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே சேர்ந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், இது எத்தனை பேரின் தினசரித் தொல்லை என்று எந்தப் பொறியாளருக்கும் தெரிந்திருக்காது. இன்றும் தமிழில் தட்டச்சு செய்யும்போது கர்சர் தாவினாலும், பி.டி.எஃபில் தேடினால் தமிழ்ச் சொல் அகப்படாவிட்டாலும், நாம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று மூன்று வரி, தப்பும் தவறுமான ஆங்கிலத்திலாவது எழுதி, ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினால் அதற்கு ஓர் எண் கிடைக்கும்.

உடைந்த எழுத்து கடைசியில் ஒட்டுப்போட்டுச் சரியானதல்ல. எழுத்துகளை வரிகளாக அடுக்கும் பகுதியையே ஃபயர்பாக்ஸ் 3க்காக அடியோடு மாற்றி எழுதினார்கள். 2008 ஜூன் 17 அன்று அது வெளிவந்தது. ஒரே நாளில் 80 லட்சம் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறியதைத்தான் செய்தித்தாள்கள் எழுதின. வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டும் மென்கோடு வேலை செய்யவில்லை என்று 1999இல் வந்த எண் 9101 அந்தப் பதிப்பில்தான் தீர்ந்தது. ஜஸ்டிஃபை செய்த தமிழ்ப் பத்தி உடையாமல் வந்ததும் அதே பதிப்பில்தான்.

(அடுத்த வாரம்: ஃபயர்பாக்ஸ் 57 வெளியானபோது உயிரிழந்த ஆட்-ஆன்கள், அவற்றை எழுதியவர்கள்)