குனிந்து நுழையும் வீடுகள்

சிறு வயதில் நாம் கேட்ட கதைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். காட்டில் வழி தவறிய ஹான்சலும் கிரெட்டலும் கண்ட ரொட்டி வீடு, ஸ்நோ ஒயிட்டுக்கு அடைக்கலம் தந்த ஏழு குள்ளர்களின் குட்டி வீடு ஆகியவற்றை யாரால் மறக்க முடியும்? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியில் இவ்விரு கதைகளும் உள்ளன. இப்படிப்பட்ட வீடுகள் ஏட்டில்தான் உண்டு, நாட்டில் இல்லை என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். நூலகப் பாடவேளையில் ஒரு படப் புத்தகம் அந்த எண்ணத்தை மாற்றியது. அதிலிருந்தும், பின்னர் ஆசிரியைகளைக் கேட்டும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

விளையாட்டாய்க் கட்டியவை

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கடற்கரையோரம் கார்மல் என்றோர் ஊர் உள்ளது. அங்கே வாழ்ந்த ஹியூ காம்ஸ்டாக் என்பவரின் மனைவி துணிப் பொம்மைகள் செய்து விற்று வந்தார். பொம்மைகளை வைக்க இடம் போதவில்லை. கட்டடக் கலை பயிலாதவராயினும் காம்ஸ்டாக் 1924-இல் தம் கையாலேயே ஒரு சிறு வீட்டைக் கட்டினார். சரிந்த கூரை, கோணலான புகைபோக்கி, வளைந்த சுவர் என்று அது கதைப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல் இருந்தது. கண்டவர்கள் எல்லாம் தமக்கும் ஒன்று வேண்டும் என்றார்களாம்! இன்றும் அவ்வூரில் அவர் கட்டிய வீடுகள் பல உள்ளன.

அதே மாநிலத்தில் 'சூனியக்காரி வீடு' என்று ஒன்று உண்டு. 1921-இல் ஒரு திரைப்பட நிறுவனத்தின் அலுவலகமாக, ஹாரி ஆலிவர் என்ற கலை இயக்குநர் வடிவமைத்தது. புதிதாகக் கட்டும்போதே பாழடைந்தது போல் தோன்றவேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். பிறகு அதைப் பெயர்த்து பெவர்லி ஹில்ஸ் நகருக்குக் கொண்டு சென்றார்கள். போலந்து நாட்டின் சோபோட் நகரிலே 2004-இல் எழுந்த 'கோணல் வீடு', வெயிலில் உருகிய மெழுகு போல் நெளிந்து நிற்கிறது. நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. மும்பை கமலா நேரு பூங்காவில் பெரிய காலணி வடிவில் ஒரு வீடு உண்டு. குழந்தைகள் அதனுள் ஏறி விளையாடலாம்.

இவையெல்லாம் பார்ப்பவர் மகிழ வேண்டும் என்றே விசித்திரமாகக் கட்டப்பட்டவை. ஆனால் வேறொரு வகையும் உண்டு.

தேவைக்காகக் கட்டியவை

இத்தாலியின் தென்பகுதியில் ஆல்பெரோபெல்லோ என்ற ஊரில் வெள்ளைச் சுவரும் கூம்புத் தொப்பி போன்ற கல் கூரையுமாக நூற்றுக்கணக்கான வீடுகள் வரிசையாக நிற்கின்றன. குள்ளர்களின் நகரமோ என்று மயங்கத் தோன்றும். இவற்றைச் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கியே கட்டினார்கள். ஏன் தெரியுமா? புதிய குடியிருப்பு எழுந்தால் அவ்வூர்ப் பிரபு அரசருக்கு வரி செலுத்த வேண்டும். வரி அதிகாரிகள் வரும் செய்தி எட்டினால் கூரையை விரைவில் கலைத்துவிட வேண்டும் என்பதற்காகவே சாந்து தடை செய்யப்பட்டது என்கிறார்கள். 1797-இல் அவ்வூர் பிரபுவின் பிடியிலிருந்து விடுபட்டது. 1996-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நம் நீலகிரியில் தோடர்கள் வாழும் ஊருக்கு மந்து என்று பெயர். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போன்றது அவர்களின் பழைய வீடு. மூங்கிலையும் பிரம்பையும் வில்லாக வளைத்து, மேலே புல் வேய்வார்கள். மழைநீர் தேங்காமல் இருபுறமும் வழிந்துவிடும். வாசலின் உயரம் ஏறத்தாழ மூன்றடிதான். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிரும் காட்டு விலங்கும் எளிதில் நுழையக் கூடாது என்பதே காரணம்.

நாங்கள் சிரித்தோம்

இந்தத் தோடர் வீட்டுப் படத்தைக் கண்டதும், "ஐயோ, எலி வளை மாதிரி வாசலைப் பாருங்கடீ!" என்று எங்களில் ஒருத்தி சொல்ல, நாங்கள் அனைவரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி. மாலையில் கேட்டபோது, "எங்க தாத்தா வீட்டு வாசலும் இப்படித்தான். குனிஞ்சுதான் போகணும்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

எங்களுக்கு நா எழவில்லை. கார்மல் ஊரின் குட்டி வாசலைக் கண்டு "எவ்வளவு அழகு!" என்றவர்களும் நாங்களே. அத்தகைய வாசல் நம் பக்கத்து மலையில் இருந்தால் மட்டும் கேலியா? அன்றிரவு நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பிறகு அவளே விளக்கினாள். மண்சுவர் கனமாக இருப்பதால் பகலில் வெயில் உள்ளே இறங்காது, பனிக்காலத்தில் குளிரும் தாக்காது. கூரையைத் தாழ்வாக இறக்கினால்தான் சாரல் பட்டு மண்சுவர் கரையாது, மலைக்காற்றும் கூரையைத் தூக்கிப் போகாது. கூரை தாழ்ந்தால் வாசலும் தாழத்தானே வேண்டும்?

இதைக் கேட்ட எங்கள் சிஸ்டர், பெத்லகேமில் இயேசு பிறந்த இடத்தின் மேல் எழுப்பிய ஆலயத்திற்கும் நான்கடி உயர வாசல்தான் என்றார். குதிரையும் வண்டியும் உள்ளே வராதபடி முற்காலத்தில் வாசலைச் சிறிதாக்கினார்களாம். இன்று அதற்குப் 'பணிவின் வாசல்' என்று பெயர். எவ்வளவு பெரியவரும் அங்கே தலை குனிந்தே நுழைய வேண்டும்.

நம் மாவட்டத்துக் குள்ளர் வீடுகள்

தோழி மற்றொன்றும் சொன்னாள். அவர்கள் மலையில் 'குள்ளர் வீடு' உண்டாம்! நான்கு புறமும் பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்திருப்பார்கள். முன்னொரு காலத்தில் முழ உயர மனிதர்கள் அவற்றில் வாழ்ந்தார்கள் என்றும், நெருப்பு மழை பெய்து மாண்டார்கள் என்றும் பெரியவர்கள் கதை சொல்வார்களாம்.

வரலாற்று ஆசிரியை இதன் உண்மையை விளக்கினார். இவற்றின் பெயர் கற்திட்டை. இரும்புக் காலத்து மக்கள், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், இறந்தோர் நினைவாக எழுப்பியவை. சிலவற்றில் பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அதை இடுதுளை என்பர். பின்னால் வந்தவர்கள் அந்தத் துளையை வாசல் என்று எண்ணினார்கள். வாசல் அவ்வளவு சிறிது என்றால் வாழ்ந்தவர்கள் குள்ளர்களாகத்தானே இருக்க முடியும்? இப்படித்தான் கதை பிறந்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் மோட்டூரில், மனித உருவம் போல் செதுக்கிய பெரிய பலகைக்கல் ஒன்று கல்வட்டத்தோடு நிற்கிறது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாப்பில்லாத பல இடங்களிலோ இக்கற்கள் பெயர்க்கப்பட்டு வேலிக்கும் படிக்கட்டுக்கும் போய்விட்டன. புதையல் உண்டென்று தோண்டிச் சிதைத்தவர்களும் உண்டு.

எது போகும், எது நிற்கும்?

பழைய வீடுகளே நல்லவை என்று சொல்லிவிட்டால் போதுமா? "கூரை ஒழுகும். புல்லை அடிக்கடி மாத்தணும். பாம்பு வரும். எங்க அம்மா தளம் போட்ட வீடுதான் வேணும்னு சொல்றாங்க" என்கிறாள் தோழி. அது நியாயமே. நீலகிரியிலும் புல்வெளிகளில் தைலமரமும் சீகை மரமும் தேயிலையும் பெருகியதால் கூரைப் புல் அரிதாகி, தோடர்களில் பெரும்பாலோர் சாதாரண வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். நாம் வேடிக்கை பார்ப்பதற்காக ஒருவர் ஒழுகும் கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் வெயிலையும் மழையையும் காற்றையும் அறிந்து அவ்வீட்டைக் கட்டியவரின் அறிவும் வீட்டோடு சேர்ந்து மறைய வேண்டுமா?

ஆகவே ஒன்று செய்தோம். காலாண்டு விடுமுறையில் ஊருக்குப் போன தோழியிடம் ஓர் அளவு நாடாவைக் கொடுத்து அனுப்பினோம். தாத்தா ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடித்துச் சுவரையும் கூரையையும் வாசலையும் அளந்து வந்தாள். வாசல் மூன்றே முக்கால் அடி. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று தாத்தா கேட்டாராம். "எங்க கிளாஸ்ல கேட்டாங்க தாத்தா" என்றாளாம்.

அவள் வரைந்த படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்து இதுவரை யாரும் சிரிக்கவில்லை. தோழியரே, உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையையும் முற்றத்தையும் அவை இருக்கும்போதே அளந்து வையுங்கள்!