மலிவான காவலின் விலை

பொன்னேரியில் சித்திரைத் திருவிழாவின்போது கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும் சந்திக்கும் காட்சியைக் காணச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கூட்டத்தில், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கும் முதியவர் ஒருவர் என்னுடன் நின்றிருந்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவர். காக்கிச் சீருடை அணிந்த இளைஞர்கள் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தார்கள். யார் இவர்கள் என்று கேட்டார். "ஊர்க்காவல் படை" என்றேன். "எங்கட ஊரில அந்தப் பேரைக் கேட்டா காட்டுக்குள்ள ஓடுவம், சேர்" என்றார். திருகோணமலை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் நெல் விளைவித்தவர் அவர்.

ஒரே பெயர் பாக் நீரிணைக்கு இப்பால் ஒரு பொருளையும் அப்பால் வேறொரு பொருளையும் பெற்றது எப்படி? இக்கேள்விக்கான விடையில் அரசியலோடு பொருளாதாரமும் இருக்கிறது.

நம் நாட்டில் ஊர்க்காவல் படை 1946-இல் பம்பாய் மாகாணத்தில், வகுப்புக் கலவரங்களின் பின்னணியில் தொடங்கப்பட்டது. 1962 சீனப் போருக்குப் பிறகு நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. வேறு தொழில் செய்பவர்கள், தேவைப்படும் நாளில் படித்தொகை பெற்றுக் காவல் துறைக்குத் துணை நிற்பதே அதன் அடிப்படை. திருவிழா, தேர்தல், வெள்ளம் ஆகியவையே பெரும்பாலும் அதன் களங்கள்.

இலங்கையிலோ அது உள்நாட்டுப் போரின் குழந்தை. 1985 மே மாதத்தில் அனுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். எல்லைக் கிராமங்களில் வாழ்ந்த சிங்கள விவசாயிகளின் அச்சம் கற்பனையானது அன்று. எல்லா ஊர்களுக்கும் ராணுவத்தை அனுப்ப இயலாத அரசு, அந்த ஊர் இளைஞர்களிடமே துப்பாக்கியைக் கொடுத்தது. பின்னர் கிழக்கில் முஸ்லிம் கிராமங்களிலும் அவ்வாறே செய்தது. புலிகளும் தம் கட்டுப்பாட்டுப் பகுதியில் குடிமக்களுக்குப் பயிற்சியளித்து 'எல்லைப்படை' அமைத்தனர்.

அரசின் கணக்கு எளிமையானது. ஒரு ராணுவ வீரருக்கு நீண்ட பயிற்சி, முகாம், ஓய்வூதியம் எல்லாம் தேவை. உள்ளூர் இளைஞருக்குச் சில வாரப் பயிற்சியும் சிறு ஊதியமும் போதும். ஊரின் பாதைகளும் மொழியும் முகங்களும் அவருக்குத் தெரியும். ஆனால், இந்த அறிவுதான் ஆபத்தும்கூட. எந்த வயல் யாருடையது, எந்த வாய்க்காலுக்கு யாரோடு தகராறு, எந்த வீட்டுப் பையன் இயக்கத்துக்குப் போனான் என்பதெல்லாமும் அவருக்குத் தெரியும். வெளியூர்ச் சிப்பாய்க்கு இல்லாத பழம்பகை அவருக்கு உண்டு.

1992 ஏப்ரல் 29 அன்று பொலன்னறுவை மாவட்டத்தில் நடந்தது இதற்குச் சான்று. அழிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்தைப் புலிகள் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அதே நாளில் அண்டையிலிருந்த முத்துக்கல், கரப்பொலை ஆகிய தமிழ்க் கிராமங்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பழிதீர்த்தவர்களில் ஊர்க்காவல் படையினரும் இருந்தனர் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. இரண்டு பக்கமும் மாண்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரே வானத்து மழையை நம்பிப் பயிரிட்ட ஏழைகள்.

இரண்டாவது விலை, போர் முடிந்த பின் தெரியவந்தது. 2006-இல் ஊர்க்காவல் படை, சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது, திணைக்களம் முடியவில்லை. சுமார் 40 ஆயிரம் குடும்பங்களின் அடுப்பு அந்த ஊதியத்தில்தான் எரிந்தது. மழை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும் வறண்ட வலயத்தில், மாதச் சம்பளம் என்பது பெரும் பேறு. எனவே அரசு அவர்களுக்குப் பண்ணைகளையும் செங்கல் சூளைகளையும் ஏற்படுத்தியது. வடக்கே முன்னாள் போராளிகளையும் முன்பள்ளி ஆசிரியைகளையும்கூட அதே திணைக்களத்தின் ஊதியப் பட்டியலில் சேர்த்தது. மழலையர் கல்வி, பாதுகாப்பு அமைச்சின்கீழ் வந்த விந்தை இப்படித்தான் நிகழ்ந்தது. மலிவானது என்று தொடங்கிய படை, நிரந்தரச் செலவாகிவிட்டது.

அச்சத்தால் பிழைப்பவருக்கு அச்சம் தீர்வதில் ஆர்வம் இருக்காது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பாளையக்காரர் காலத்தில் ஊர்கள் காவல்கூலி கொடுத்தன. கூலி கொடுக்காத வீட்டின் மாடு காணாமல் போவதும், அதை மீட்கத் 'துப்புக்கூலி' கொடுக்க நேர்வதும் உண்டு என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்துள்ளனர். 1801-இல் பாளையங்களின் ஆயுதங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்தது. ஆனால், காவல்கூலியை நம்பியிருந்தவர்களுக்கு மாற்றுப் பிழைப்பைத் தரவில்லை. தென்மாவட்டங்களில் அம்முறை இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்ததில் வியப்பில்லை.

சுதந்திர இந்தியாவும் இப்பாடத்தைக் கற்கவில்லை. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளை எதிர்க்க 'சல்வா ஜூடும்' இயக்கம் 2005-இல் எழுந்தது. பழங்குடி இளைஞர்கள் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்ற பெயரில் ஆயுதம் ஏந்தினர். அவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம். ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி முன்னுரிமைத் தகுதி. 2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சுதர்சன் ரெட்டி, நிஜ்ஜார் ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, இந்த நடைமுறை அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. காவலரைப் போன்ற ஆபத்து, காவலருக்குரிய பயிற்சியும் ஊதியமும் இல்லை என்ற அநீதியை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மாநில அரசோ அதே ஆண்டில் புதுச்சட்டம் இயற்றி, அவர்களைத் துணை ஆயுதப்படை ஆக்கிக்கொண்டது.

2023 மே மாதத்துக்குப் பிந்தைய மணிப்பூர் இன்னும் கவலை அளிக்கிறது. அங்கே துப்பாக்கியை அரசு கொடுக்கவில்லை. காவல் துறை ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டது. 'கிராமத் தன்னார்வலர்கள்' என்ற பெயரில் இரு தரப்பிலும் பதுங்குகுழிகளில் காவல் நிற்போர் மாணவர்களும் விவசாயிகளும்தான். தம் ஊரை அரசு காக்காது என்று நம்பியதால் அங்கே நிற்கிறார்கள். ஆயுதங்களை ஒப்படைக்க 2025 பிப்ரவரியில் ஆளுநர் கெடு விதித்தது சரியான நடவடிக்கையே. ஆனால் கெடு மட்டும் போதாது. எதிர்த்தரப்பு ஊரும் ஒப்படைக்கும் என்ற உறுதி, இரு சமூகமும் நம்பக்கூடிய நடுநிலைக் காவல், திரும்பிச் செல்ல ஒரு வகுப்பறை அல்லது வயல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் துப்பாக்கி கீழே இறங்கும்.

பாதுகாப்பு ஒரு பொதுச்சரக்கு என்று வகுப்பறையில் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். அதை வழங்கும் செலவை அரசு ஏழைக் கிராமங்களின் தலையில் ஏற்றினால், செலவு குறைவதில்லை. வேறு கணக்கில், வேறு தலைமுறையில் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கின் ஒரு பகுதி, கும்மிடிப்பூண்டி முகாமில் நம் கண்முன்னே வாழ்கிறது.

அன்று திருவிழாவில் கயிறு பிடித்த இளைஞர்கள், மறுநாள் காலை கடைக்கோ சிப்காட் தொழிற்சாலைக்கோ வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். அவர்களைக் கண்டு யாரும் ஓடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.