குழந்தைக்குத் துணி நாப்கின்: தேர்வும் பராமரிப்பும்

பிறந்த குழந்தையின் உடலில் முதலில் படும் உடை பெரும்பாலும் ஒரு சதுரப் பருத்தித் துணியே ஆகும். எந்தத் துணி நல்லது, எத்தனை தேவை, கடையில் வாங்க வேண்டுமா என்பவை பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் வேலை செய்வோரின் வீடுகளில் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அந்தத் துணி இதற்கு முன் எங்கே வைக்கப்பட்டிருந்தது? எந்தத் துணிகளுடன் சேர்த்துத் துவைக்கப்பட்டது?

விலை உயர்ந்த நாப்கினாக இருந்தாலும் ஆலைத் தூசு படிந்திருந்தால் அது குழந்தைக்கு ஏற்றதன்று. தூய்மையான பழைய வேட்டித் துணி அதைவிடச் சிறந்தது.

பிறந்த குழந்தைக்கு ஏற்ற துணி

பிறந்த குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. இடுப்புப் பகுதி எந்நேரமும் ஈரமாகவும் உராய்வுக்கு உட்பட்டும் இருப்பதால் எளிதில் புண்ணாகும். ஆகவே துணியைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

• முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி ஈரத்தை நன்கு உறிஞ்சாது. வெப்பத்தையும் வெளியேற விடாது.
• பலமுறை துவைத்து மென்மையான வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணி நல்லது. சாயம் போகும் துணியைத் தவிர்க்கவும்.
• சரிகை, கரை, தடித்த தையல் உள்ள பகுதிகளை வெட்டி நீக்கிவிட வேண்டும்.
• ஓரங்களை மடித்துத் தைத்திருக்க வேண்டும். பிரிந்த நூல் குழந்தையின் கால் விரலிலோ ஆண் குழந்தையின் பிறப்புறுப்பிலோ சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபடும்.

இராஜபாளையம் அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யப்படும் மருத்துவப் பருத்தித் துணி ஈரத்தை நன்கு உறிஞ்சக்கூடியது. ஆயினும் அதன் நெசவு தளர்வானது. அதை நாப்கினாகப் பயன்படுத்த விரும்பினால் இரண்டு மூன்று மடிப்பாக வைத்து நான்கு ஓரங்களையும் தைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

எத்தனை துணிகள் தேவை?

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 12 முறை வரை துணி மாற்ற நேரிடும். நாள்தோறும் துவைக்க முடிந்தால் 24 துணிகள் போதுமானவை. ஓர் எட்டு முழ வேட்டியிலிருந்து 60 செ.மீ. சதுரத் துணிகள் சுமார் 12 கிடைக்கும். எனவே இரண்டு பழைய வேட்டிகளே ஒரு குழந்தையின் தேவையை நிறைவு செய்யும். மழைக்காலத்திற்குக் கூடுதலாக ஆறு துணிகள் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் வைத்திருந்த துணி: ஓர் எச்சரிக்கை

மகப்பேற்றுக்கென்று பழைய சேலை, வேட்டிகளைப் பெட்டியில் சேர்த்து வைப்பது நம் வீடுகளின் வழக்கம். பூச்சி அரிக்காமல் இருக்க அவற்றுடன் அந்துருண்டை போடுவதும் உண்டு. பாச்சை உருண்டை என்றும் இதனைக் கூறுவர். அவ்வாறு வைத்திருந்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது.

அந்துருண்டையில் நாப்தலின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அதன் ஆவி துணியில் ஊறி, சுவாசத்தின் வழியாகவும் தோலின் வழியாகவும் குழந்தையின் உடலுக்குள் செல்லும். எண்ணெய் தடவிய தோலில் அது இன்னும் எளிதாக ஊடுருவும். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அக்குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் நாப்தலினால் சிதைந்து மஞ்சள் காமாலை திடீரென அதிகரிக்கலாம். கடுமையான காமாலை மூளையைப் பாதிக்கும். இக்குறைபாடு தங்கள் குழந்தைக்கு இருப்பது பரிசோதனை செய்யாத பெற்றோருக்குத் தெரியாது. ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

குழந்தைக்கான துணிகளை அந்துருண்டை இல்லாமல், நன்கு உலர்ந்த நிலையில், தூய்மையான துணிப்பையில் வைத்திருங்கள். பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலை போதும்.

ஆலைத் தூசும் குழந்தையின் துணியும்

பட்டாசு ஆலைகளில் அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு, கரித்தூள் முதலியவை கையாளப்படுகின்றன. இவற்றின் நுண்ணிய தூசு உடையிலும் தலைமுடியிலும் நகக்கண்களிலும் தங்கி வீட்டுக்கு வருகிறது. வேலை உடையையும் நாப்கினையும் ஒரே வாளியில் ஊறவைத்தால் அந்தத் தூசு நாப்கினில் ஒட்டும். ஈரமான தோலில் அது எரிச்சலையும் சிவப்பையும் உண்டாக்கும். மருந்து படிந்த துணி எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

• வேலை முடிந்து வந்தவுடன் உடை மாற்றிக் குளித்த பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு இது மிகவும் அவசியம். உடனே குளிக்க இயலாவிடில், உடையை மாற்றி முகம், கழுத்து, மார்பு, கைகளைச் சோப்பினால் கழுவுங்கள்.
• குழந்தையின் துணிகளுக்கெனத் தனி வாளி, தனிக் கொடி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைத் துணிகளை முதலில் துவைத்து முடித்துவிட்டு, வேலை உடைகளைத் தனியே துவைக்கவும்.
• ஆலையிலோ அச்சகத்திலோ துடைக்கப் பயன்பட்ட துணியை நாப்கினாகவோ குழந்தையைத் துடைக்கவோ பயன்படுத்தாதீர்கள். வெடிமருந்தும் அச்சு மையும் சாதாரணத் துவைப்பில் முழுமையாக நீங்கா.
• வேலை உடையை அடுப்பு, விளக்கு, தொட்டில் ஆகியவற்றின் அருகில் தொங்கவிடக் கூடாது.
• குழந்தைகளை மருந்து கையாளும் இடங்களுக்கு ஒருபோதும் அழைத்துச் செல்லக் கூடாது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் உறவினர்களுக்கும் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். துவைப்பது பெரும்பாலும் அவர்களே.

துவைக்கும் முறை

மலம் பட்ட துணியை முதலில் கழிப்பறையில் அலசுங்கள். சாக்கடையிலோ தெருவோரத்திலோ அலசக் கூடாது. குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமிகள் உண்டு. பின்னர் மிதமான சலவைக் கட்டியால் துவைத்து, சோப்பு முழுவதும் நீங்கும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். வயிற்றுப்போக்கோ பூஞ்சைத் தொற்றோ இருக்கும்போது கொதிநீரில் ஊறவைத்துத் துவைப்பது நல்லது.

இம்மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ளது. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. துணியில் படிந்து அதை விறைப்பாக்கும். குடிநீர் தட்டுப்பாடான நாட்களிலும் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி நல்ல தண்ணீரை ஒதுக்கிவைக்க முயலுங்கள்.

சொட்டு நீலம், கஞ்சி, வாசனைத் திரவம், கிருமிநாசினித் திரவம் ஆகியவை தேவையில்லை. நேரடி வெயிலில் முற்றிலும் உலர்த்தினால் போதும். ஈரப்பதம் உள்ள துணியை மடித்து வைக்கக் கூடாது. துணி மாற்றிய பின்னரும் துவைத்த பின்னரும் கைகளைச் சோப்பினால் கழுவுவது கட்டாயம்.

அணிவிக்கும் முறை

• தொப்புள்கொடி விழும்வரை துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டவும். தொப்புள் காற்றோட்டமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்.
• இடுப்பில் இரு விரல் நுழையும் அளவு தளர்வு தேவை. ஊக்கு குத்தாமல், முடிச்சிட்டுக் கட்டுவதே பாதுகாப்பானது.
• கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள். குழந்தையின் தொடைகள் விரிந்து மடங்கியிருப்பதே இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்கு நல்லது.
• நாப்கினின் மேல் பிளாஸ்டிக் உறை அணிவிப்பதைத் தவிர்க்கவும்.
• பெண் குழந்தைகளை முன்புறமிருந்து பின்புறமாகத் துடைக்க வேண்டும்.

நடை பழகும் குழந்தைக்கு

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை ஒரே நேரத்தில் அதிகமாகச் சிறுநீர் கழிக்கும், ஓடியாடும். ஒற்றைத் துணி போதாது. ஐந்தாறு மடிப்புப் பருத்தி வைத்துத் தைத்த ஜட்டி வடிவ நாப்கின் இவ்வயதுக்கு ஏற்றது. நாளொன்றுக்கு 6 முதல் 8 வரை தேவைப்படலாம். தொடை இடுக்கில் சிவந்த தழும்பு பதிந்தால் அது இறுக்கமாகிவிட்டது என்று பொருள்.

சுமார் 18 மாதம் முதல் 24 மாதத்திற்குள், இரண்டு மணி நேரம் வரை துணி நனையாமல் இருப்பது, நனைந்ததும் சொல்வது அல்லது சைகை காட்டுவது போன்ற அறிகுறிகள் தெரியத் தொடங்கும். அப்போது கழிப்பறைப் பழக்கத்தைத் தொடங்கலாம். குழந்தையைத் திட்டவோ ஒப்பிட்டுப் பேசவோ வேண்டாம். வெயில் காலத்தில் பகலில் சிறிது நேரம் நாப்கின் இன்றி விட்டால் தோலுக்கும் நல்லது, பழக்கமும் விரைவில் வரும்.

பயணத்தின்போது கடையில் விற்கும் டயப்பர் பயன்படுத்தினால் 3 அல்லது 4 மணி நேரத்திற்கு ஒருமுறையும், மலம் கழித்தவுடனும் மாற்றுங்கள். பயன்படுத்திய டயப்பரைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் இடவும், எரிக்க வேண்டாம்.

தோல் சிவந்தால்

வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றுப் படும்படி விடுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிதாகத் தடவலாம். பவுடர் போட வேண்டாம். அது மடிப்புகளில் தங்கும், குழந்தை சுவாசித்தால் நுரையீரலைப் பாதிக்கும். மருந்துக் கடையில் தாமாகவே களிம்பு வாங்கித் தடவாதீர்கள். பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. மூன்று நாட்களில் குறையாவிட்டாலும், தோல் மடிப்புகளில் அடர்சிவப்பும் சுற்றிலும் சிறு புள்ளிகளும் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.

நாப்கின் காட்டும் அறிகுறிகள்

துணி நாப்கினின் பெரிய நன்மை, குழந்தையின் சிறுநீரும் மலமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதே.

• ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணிகளோ அதற்கு மேலோ நனைந்தால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது எனக் கொள்ளலாம். கோடையிலும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் தேவையில்லை.
• முதல் இரண்டு மூன்று நாட்களில் இளஞ்சிவப்பு அல்லது செங்கல் நிறக் கறை தோன்றலாம். அது பெரும்பாலும் இரத்தம் அன்று. ஐந்து நாட்களுக்குப் பின்னும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.
• முதலில் கருமையாக வரும் மலம், நான்கைந்து நாட்களில் மஞ்சளாக மாற வேண்டும்.
• மலம் வெள்ளையாகவோ களிமண் நிறத்திலோ இருந்து, சிறுநீர் துணியில் அடர் மஞ்சள் கறை ஏற்படுத்தினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை குழந்தைக்கு இரண்டு மாதம் நிறைவதற்குள் செய்யப்பட்டால் நல்ல பலன் கிடைக்கும். அந்தத் துணியைத் துவைக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம் தெரிதல். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல்
• சிறுநீர் கருமையாக அல்லது செம்மையாக மாறுதல்
• எட்டு மணி நேரமாகத் துணி நனையாமை
• பால் குடிக்காமை, சோர்வு, காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல்
• மலத்தில் இரத்தம்
• தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ்
• நாப்கின் பகுதியில் கொப்புளம் அல்லது சீழ்

சந்தேகங்களுக்கு உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.