நாய்க்குட்டி ஓவியத்துல வர்ற 750 ரூபாய்: கையில எவ்வளவு நிக்கும்?

வீடியோவுல வேகமா சொல்லிட்டுப் போனதை இங்க கணக்கோட பார்த்துடலாம்.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல கிடைச்ச ஒரு நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனோட 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதுல கருந்தேவக்கத்திங்கிற வீரன் இருக்கான், பக்கத்துல அவனோட நாயும் இருக்கு. ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்ன அந்த நாயோட பேர் கோவிவன்னு கல்லுலயே எழுதியிருக்கு. வளர்த்த நாய்க்குப் படம் வைக்கிற ஆசை 7-ஆம் நூற்றாண்டுலயே நம்ம ஊர்ல இருந்திருக்கு.

இன்னைக்கு அதையே போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல செய்றாங்க. நாய், பூனை போட்டோவை ஆயில் பெயின்டிங் மாதிரி மாத்தி, பிரேம் போட்டுக் கொடுக்கிறாங்க. வாரம் முழுக்க ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ல போயிட்டு, ஞாயித்துக்கிழமை உத்திரமேரூர் வீட்டுல லேப்டாப்போட உட்கார்ற ஒருத்தருக்கு இது நல்ல சைடு வருமானம். ஆனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு கணக்கு போட்டுக்கணும்.

முதல்ல வேலை என்னன்னு பாருங்க

ஜிம்ப், கிரிட்டா ரெண்டுமே இலவசம். ஜிம்ப்ல 'ஆர்டிஸ்டிக்' மெனுவுக்குள்ள 'ஆயிலிஃபை' ஃபில்டர் இருக்கு. அதை மட்டும் தட்டிவிட்டா படம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். லேயரை நகல் எடுத்து, ஃபில்டர் போட்டு, லேயர் மாஸ்க் வச்சுக் கண்ணையும் மூக்கையும் மட்டும் பழைய கூர்மைக்குக் கொண்டு வாங்க. அப்புறம் ரோமம் எந்தப் பக்கம் படியுதோ அந்தப் பக்கமாவே பிரஷ் ஓட்டணும். நேரம் பிடிக்கிறது இங்கதான்.

போட்டோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா சைஸ் சுருங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. ஏ4 பிரின்ட் 300 டிபிஐ-ல தெளிவா வரணும்னா 2480 × 3508 பிக்சல் வேணும்.

'ஏஐ ஆப்ல ஒரு நொடியில வருதே, எனக்கு ஏன் காசு கொடுக்கணும்?'னு கேட்பாங்க. ஆப் ஏதோ ஒரு அழகான நாயைக் கொடுக்கும். ஆனா அவங்க வீட்டு நாயோட காதுல இருக்கிற வெட்டு, நெத்தியில இருக்கிற வெள்ளைப் பொட்டு மாறிப் போகலாம். இறந்துபோன நாயோட மங்கலான ஒரே போட்டோவோட வர்றவங்களுக்கு அந்தப் பொட்டுதான் முக்கியம். நீங்க விலை போடுறதும் அதுக்குத்தான்.

கணக்கு 1: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

உதாரணத்துக்கு ஒரு ஆர்டர் 1,500 ரூபாய். பிரின்ட், பிரேம் 600, கூரியர் 150 போனா மிச்சம் 750. நாலு மணி நேர வேலைன்னா மணிக்கு சுமார் 187 ரூபாய். உங்க சம்பளம் 30,000, மாசம் 208 மணி நேரம்னா ஆபீஸ்ல மணிக்கு 144. பரவாயில்ல.

இப்போ கஸ்டமர் 'வால் கொஞ்சம் சரியில்ல'ன்னு ரெண்டு தடவை திருத்தச் சொல்றார்னு வைங்க. ஆறு மணி நேரம் ஆச்சுன்னா மணிக்கு 125. ஆபீஸ் சம்பளத்தை விடக் கம்மி! அதனால 'ஒரு திருத்தம் இலவசம், அடுத்ததுக்குக் கட்டணம்'னு ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிடுங்க. பாதித் தொகை அட்வான்ஸ் வாங்குங்க. போட்டோஷாப் மாதிரி மாசச் சந்தா கட்டுறதுன்னா, சந்தாவை 750-ஆல வகுத்துப் பாருங்க. அத்தனை ஆர்டர் வரைக்கும் உங்களுக்கு லாபம் கிடையாது.

கணக்கு 2: வரி

நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இது. சம்பளத்தோட இந்த வருமானமும் சேர்ந்தா ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-3, அனுமான வரி முறைக்குத் தகுதி இருந்தா ஐடிஆர்-4. வரியே வராட்டியும் ஃபைல் பண்றப்போ இதைக் காட்டித்தான் ஆகணும்.

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை, சம்பளம் 12,75,000. நிலையான கழிவு 75,000 போக 12 லட்சம். வரி பூஜ்யம். இதோட ஓவியத்துல 40,000 லாபம் சேருதுன்னு வைங்க. ஸ்லாப்படி வரி 66,000 வரும். மார்ஜினல் ரிலீஃப் கிடைச்சு அது 40,000-ஆ குறையும். 4% செஸ் சேர்த்தா 41,600. வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமை உழைச்சதுக்குக் கைக்காசு 1,600 போகுது! இந்த எல்லையில இருக்கிறவங்க பிரேம், கூரியர், சந்தா பில் எல்லாத்தையும் பத்திரமா வச்சு, செலவைக் கழிச்சுத்தான் லாபம் காட்டணும். உண்மையான செலவை மட்டும்தான்.

இன்னொண்ணு. சம்பளம் மட்டும் இருந்தா பழைய முறை, புதிய முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். பிசினஸ் வருமானம் வந்துட்டா அப்படி முடியாது. 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போய், பிறகு புதுசுக்குத் திரும்பிட்டா, பிசினஸ் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழசுக்கு வர வழியில்ல. வீட்டுக் கடனை நம்பிப் பழைய முறையில இருக்கிறவங்க இதை யோசிச்சு இறங்குங்க.

கணக்கு 3: படம் யாருக்குச் சொந்தம்?

1957 காப்புரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி, ஒருத்தர் காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, அவர்தான் முதல் உரிமையாளர். அந்தப் படத்தையே மக்குல, டி-ஷர்ட்ல போட்டு வித்தா பிரச்சனை வரலாம். இன்ஸ்டாகிராம்ல போடணும்னாலும் 'போட்டுக்கலாமா?'ன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

- இந்த வேலைக்குன்னு தனி வங்கிக் கணக்கு, தனி யுபிஐ ஐடி.
- தேதி, வரவு, செலவு, வேலை பார்த்த நேரம்னு நாலு காலம் போட்ட ஒரு ஷீட்.
- உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற வேலை செய்யக் கூடாதுன்னு இருக்கான்னு ஒரு தடவை படிங்க.
- பிரேம் போட்டு வெளிமாநிலத்துக்கு விக்கிறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி பதிவு பத்திக் கேட்டுக்கோங்க.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கே, வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவங்களும் அவங்க உறவுக்காரங்களும் குடவோலையில நிக்க முடியாதுன்னு அதுல விதி இருக்கு. உங்க ஷீட்டை இன்னைக்கே ஆரம்பிங்க. முதல் ஆர்டரோட கணக்கைக் கமென்ட்ல போடுங்க, சேர்ந்து சரிபார்க்கலாம்.