பொம்மை முகத்துக்கு வார்னிஷ் பூசப் போகிறீர்களா?

ஆவணி பிறந்துவிட்டாலே பரண் மேல் இருக்கும் கொலுப் பெட்டிகளின் ஞாபகம் வந்துவிடுகிறது. பெட்டியை இறக்கி, சுற்றி வைத்த பழைய வேட்டித் துணியைப் பிரிக்கிறோம். போன வருஷம் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த கிருஷ்ணனுக்கு மூக்கு நுனியில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. செட்டியாரம்மாவுக்குப் பாதிப் புருவத்தைக் காணோம். “அதுக்கென்ன, கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வச்சு, மேலே வார்னிஷ் அடிச்சா சரியாப் போச்சு!” என்று பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறோம்.

நானும் ஒரு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தேன். அம்மா கல்யாணச் சீரோடு கொண்டு வந்த ராதா-கிருஷ்ணர் ஜோடி அது. ராதையின் கண் மங்கிப் போயிருந்தது. பிள்ளைகளின் போஸ்டர் கலர் டப்பாவிலிருந்து கறுப்பை எடுத்து அழகாக மை தீட்டினேன். மறுநாள் அதன்மேல் தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தொட்டு ஓர் இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான்! கண் மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. பதறிப்போய்த் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அடியில் இருந்த பழைய வண்ணமும் சேர்ந்து துணியில் வந்துவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தார். “விடும்மா, அவளும் எத்தனை வருஷந்தான் சிரிச்சுக்கிட்டே இருப்பா!” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் அதிகம் பேசவில்லை.

வார்னிஷைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கீழே இருப்பது எந்த வண்ணம் என்று பார்க்காமல் மேலே பூசியது என் தப்பு. அந்தத் தப்பை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். பொம்மையின் அடிப்பாகத்திலோ முதுகிலோ, கண்ணில் படாத இடத்தில் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் வண்ணம் ஒட்டினால் அது தண்ணீரில் கரையும் வண்ணம். போஸ்டர் கலர் இந்த வகைதான். பண்ருட்டி, மதுரைப் பக்கத்து விளாச்சேரி போன்ற ஊர்களிலிருந்து வந்த மண் பொம்மைகளும் காகிதக் கூழ் பொம்மைகளும் பல வீடுகளில் தலைமுறை தாண்டி இருக்கின்றன. அந்தக் காலத்துப் பொம்மைகள் பலவற்றில் வண்ணப் பொடியைக் கோந்தில் குழைத்துப் பூசியிருப்பார்கள். அதுவும் கரையும்.

பஞ்சு சுத்தமாக இருந்தால் அக்ரிலிக்காகவோ எனாமலாகவோ இருக்கலாம். எனாமல் பூசிய பொம்மைக்குத் தன் பளபளப்பே போதும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். சென்னபட்டணத்து மரப் பொம்மைக்கும் வார்னிஷ் வேண்டாம். கடைசலில் சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றி மெருகிட்ட பொம்மை அது. செம்மரத்து மரப்பாச்சிக்கும் தேவையே இல்லை. எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

எதை வாங்குவது?

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ்: ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். டப்பாவில் பால் போல இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். நாற்றம் குறைவு, எளிதில் மஞ்சளிக்காது. அக்ரிலிக் வண்ணத்தின் மேல் பூச இதுதான் முதல் தேர்வு.

ஸ்ப்ரே வார்னிஷ்: முகத்தில் பிரஷ் படாது என்பதால் கரையும் வண்ணத்துக்கு இதுதான் சரி. ஆனால் நெடி அதிகம், தீப்பிடிக்கும் சரக்கும்கூட.

மரச் சாமானுக்குப் பூசும் எண்ணெய் வார்னிஷ்: ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நாளாக ஆக மஞ்சளிக்கும். வெள்ளைக் கலைவாணி சில வருஷத்தில் காமாலை வந்தவள் போல ஆகிவிடுவாள்! அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷும் வண்ணத்தைப் பழுப்பாக்கிக் காட்டும்.

தண்ணீர் விட்ட வெள்ளைப் பசை: பலரும் செய்கிற கைவைத்தியம். ஈரக் காற்றில் இளகிப் பிசுபிசுக்கும். தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நிறமில்லாத நெயில் பாலிஷ்: வேண்டவே வேண்டாம். அதிலுள்ள திரவம் அக்ரிலிக் வண்ணத்தை இளக்கிவிடும். பிளாஸ்டிக் பொம்மையின் முகத்தையே அரித்துவிடும்.

அக்ரிலிக் வார்னிஷிலும் பளபளப்பு வகை, மங்கலான மேட் வகை, இரண்டுக்கும் நடுவே சாட்டின் என்று மூன்று உண்டு. முகத்துக்கு மேட் அல்லது சாட்டின்தான் அழகு. பளபளப்பு வகையை முகம் முழுக்கப் பூசினால், கொலு விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் வழிகிற முகம் போலத் தெரியும். பளபளப்பைக் கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிற்பிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள் இல்லையா? அதுபோல எல்லாம் காய்ந்தபின், மெல்லிய பிரஷ் நுனியால் கருவிழியில் ஒரு பொட்டு வையுங்கள். பொம்மை உங்களையே பார்ப்பது போலிருக்கும்.

பூசும் விதம்

பொம்மையின் தூசியை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். சுடாத மண் பொம்மையையும் காகிதக் கூழ் பொம்மையையும் தண்ணீரில் கழுவக் கூடாது. வார்னிஷ் பூசிய பிறகும் கூடாது! புதிதாகத் தீட்டிய வண்ணம் குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

உடனே முகத்துக்குப் போய்விடாதீர்கள். உடைந்த பூந்தொட்டிச் சில் ஒன்றில் அதே வண்ணத்தைத் தீட்டிக் காயவைத்து, அதன்மேல் வார்னிஷ் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் பொம்மையின் அடியில் ஓரிடம். அதற்கப்புறம்தான் முகம்.

மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும். டப்பாவைக் குலுக்கினால் நுரை வரும். அதனால் குச்சியால் நிதானமாகக் கலக்குங்கள். கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, அரை அங்குல மென்மையான தட்டைப் பிரஷ்ஷால் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி மெல்லிசாகப் பூசுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி வந்து படியும். கண் ஓரம், மூக்கடி, உதட்டு மடிப்பு ஆகிய இடங்களில் வார்னிஷ் தேங்கினால் வெள்ளையாகப் புகை படிந்தது போல ஆகிவிடும். உலர்ந்த பிரஷ் நுனியால் உடனே ஒற்றி எடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் “இன்னொரு தடவை இழுக்கலாமே” என்று மட்டும் போகாதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் விட்டு இரண்டாவது பூச்சு. இரண்டு மெல்லிய பூச்சு போதும். பிரஷ்ஷைக் கையோடு சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஸ்ப்ரே என்றால் மொட்டை மாடிதான் இடம். பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். மழை மூட்டமான நாளில் அடித்தால் முகத்தில் வெள்ளை படரும். ஸ்ப்ரேயில் உள்ள திரவம் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது, அதுதான் காரணம். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் டப்பாவைப் பிடித்து, பொம்மைக்குப் பக்கவாட்டில் ஆரம்பித்து முகத்தைக் கடந்து போகும்படி அடியுங்கள். மெல்லிசாக மூன்று தடவை அடிக்கலாம். ஒரே தடவையில் நனைய நனைய அடித்தால் வண்ணம் ஓடிவிடும்.

தொட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்திலேயே காய்ந்த மாதிரி இருக்கும். நம்பாதீர்கள்! உள்ளே இறுக இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் செய்தித்தாளில் சுற்றினால் அச்செழுத்து கன்னத்தில் ஏறிவிடும். பிளாஸ்டிக் பை எப்போதுமே வேண்டாம், வெயில் காலத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தித் துணிதான் நல்லது. அதனால்தான் இந்த வேலையை நவராத்திரிக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளாமல் ஆவணியிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

குழந்தை இருக்கும் வீடா?

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பொம்மையில் எது இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தையின் உடலில் இந்த அளவு ஈயம் சேரலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும்.

ஆகவே பழைய வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கத்தியால் சுரண்டாதீர்கள். அந்தப் பொடிதான் ஆபத்து. உதிர்ந்து விழுந்ததை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு குப்பையில் போடுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது. ஸ்ப்ரே அடிக்கும்போது குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சாதாரணத் துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது. விளக்கோ அடுப்போ எரியும் இடமும் கூடாது.

“மேலேதான் வார்னிஷ் பூசியாச்சே, குழந்தை கையில் கொடுக்கலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. பல் முளைக்கும் குழந்தை கடித்தால் வார்னிஷும் வரும், அடியில் உள்ள வண்ணமும் வரும். டப்பாவில் நஞ்சற்றது என்று போட்டிருந்தாலும், அது வாயில் வைத்துச் சப்புவதற்குக் கொடுத்த அனுமதி ஆகாது. கொலுப் பொம்மை படியில் இருக்கட்டும். குழந்தைக்கு வேறு பொம்மை இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை

பாட்டி காலத்துப் பொம்மையில் வண்ணம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் உதிரவில்லை என்றால், ஒன்றும் செய்யாமல் இருப்பதே உத்தமம். ஒரு தடவை பூசிய வார்னிஷை முகத்துக்குச் சேதமில்லாமல் எடுப்பது நம் கையால் ஆகிற காரியமில்லை.

அப்படிப் பூசியே ஆகவேண்டும் என்றால், பொம்மையின் அடியில் பென்சிலால் வருஷத்தையும், தீட்டிய வண்ணத்தையும், பூசிய வார்னிஷையும் எழுதி வையுங்கள். எங்கள் ராதைக்கு அப்புறம் அக்ரிலிக்கில் புதுக் கண் தீட்டினேன். முன்பு இருந்த சிரிப்பு வரவில்லை. ஆனாலும் கிருஷ்ணனை ஒட்டி அதே மூன்றாம் படியில்தான் நிற்கிறாள். அவள் பீடத்துக்கு அடியில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நாளைக்கு என் மகள் பிரஷ்ஷை எடுக்கும்போது, அவளாவது பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.