எதிரணியில் ஒரு நண்பர்: ஜெர்மனியின் அனுபவம்

2017 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் பல ஊர்களில், முன்பின் அறிமுகமில்லாத சுமார் 600 ஜோடிகள் உணவகங்களிலும் பூங்காக்களிலும் சந்தித்து அரசியல் பேசினர். 'டி ஸைட்' வார ஏட்டின் இணையப் பிரிவு இந்தச் சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்திருந்தது. 'ஜெர்மனி பேசுகிறது' என்பது இந்த முயற்சியின் பெயர்.

அகதிகள் அளவுக்கு மீறி ஏற்றுக்கொள்ளப்பட்டார்களா என்பது போன்ற ஐந்து கேள்விகள் வாசகர்களிடம் கேட்கப்பட்டன. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொன்னால் போதும். அருகருகே வசிப்பவர்களாகவும், அதேவேளை பெரும்பாலான கேள்விகளுக்கு எதிரெதிரான பதில் தந்தவர்களாகவும் பார்த்து, கணினி இருவர் இருவராக இணைத்தது. 12,000 பேர் பெயர் பதிவு செய்திருந்தனர்.

மறு ஆண்டு செப்டம்பரில் வேறு பல ஊடகங்களும் கைகோர்க்க, பதிவு செய்தோர் எண்ணிக்கை 28,000 ஆனது. குடியரசுத் தலைவர் ஃப்ராங்க் வால்டர் ஸ்டைன்மையர் அதற்குப் புரவலராக இருந்தார். பான் நகரப் பொருளியலாளர் ஆர்மின் ஃபால்க் தலைமையிலான குழு ஒன்று இந்த உரையாடல்களின் விளைவை ஆராய்ந்தது. எதிர்க்கருத்து உள்ளவருடன் நேரில் பேசிய பின், எதிர்த்தரப்பினரைப் பற்றிய தப்பெண்ணங்கள் குறைந்திருந்ததாக அந்தக் குழு கூறியது.

ஊக்கமளிக்கும் முடிவுதான். ஆனால் இதில் கலந்துகொண்டவர்கள் மாற்றுக் கருத்தைக் கேட்க ஏற்கெனவே மனம் இசைந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு மணி நேரம் ஓர் அந்நியரைப் பொறுத்துக்கொள்வதும், இருபது ஆண்டுக்கால நண்பர் எதிர் முகாமுக்குப் போய்விட்ட பிறகும் அவரோடு நட்பைப் பேணுவதும் ஒன்றல்ல. இந்த இரண்டாவது சோதனைக்கு உள்ளானவர்கள் ஜெர்மனியின் வரலாற்றில் பலர். அவர்களுள் இருவர் எழுத்தாளர் தோமஸ் மன்னும் இலக்கியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் பெர்ட்ராமும்.

தீக்குத் தப்பிய நூல்கள்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இருவரும் ஒரே கருத்தினர். மேற்கத்திய ஜனநாயகத்தின் மீது ஐயமும் ஜெர்மானியப் பண்பாட்டின் மீது பெருமிதமும் கொண்ட பழமைவாதிகள். மன் எழுதிய நெடிய அரசியல் கட்டுரை நூலும், பெர்ட்ராம் நீட்ஷேயைப் பற்றி எழுதிய நூலும் 1918 ஆம் ஆண்டில் வெளிவந்தன. எழுதும்போதே ஒருவர் மற்றவரிடம் பேசிப் பேசி உருவாக்கிய நூல்கள் அவை. அதே ஆண்டில் பிறந்த மன்னின் மகள் எலிசபெத்துக்கு ஞானத்தந்தையாக நின்றவரும் பெர்ட்ராம்தான்.

பிரிவு 1922 ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் பெர்லினில் ஆற்றிய உரையில் மன் வைமார் குடியரசுக்கு ஆதரவாகப் பகிரங்கமாகப் பேசினார். பழைய தோழர்கள் பலர் அதைத் துரோகமாகவே கண்டனர். கொலோன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்ட பெர்ட்ராமோ தீவிர இனத் தேசியவாதத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். ஆனாலும் நட்பு உடனே முறியவில்லை. கடிதங்கள் தொடர்ந்தன. கருத்து வேறுபாட்டோடு பழகும் கலையை இருவரும் ஓரளவு கற்றிருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1933 ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரியில் விரிவுரைப் பயணமாக வெளிநாடு சென்ற மன் நாடு திரும்பவில்லை. மே மாதத்தில் பல்கலைக்கழக நகரங்களில் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. கொலோனில் நடந்த எரிப்புக்கென பெர்ட்ராம் கவிதை எழுதித் தந்தார். அதேவேளை, தோமஸ் மன்னின் நூல்களும், யூதரான தம் இன்னொரு நண்பர் ஃப்ரீட்ரிஷ் குண்டோல்ஃபின் நூல்களும் அந்தத் தீயில் போடப்படாமல் இருக்கவும் முயற்சி எடுத்துக்கொண்டார்.

இந்த ஒரு செயலில் பெர்ட்ராமின் நிலை முழுவதும் தெரிகிறது. நண்பர் மீது அவருக்கு அன்பு இருந்தது. எரிப்பு நியாயம் என்ற எண்ணமும் இருந்தது. தனக்கு வேண்டிய இருவருக்கு விலக்குப் பெற்றுக் கொடுத்தால் நட்பின் கடன் தீர்ந்துவிடும் என்று அவர் கருதியிருக்கலாம். மன் அப்படிக் கருதவில்லை. 1934 ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கசப்பான பிரியாவிடையாக அமைந்தது. 1936 ஆம் ஆண்டு டிசம்பரில் மன்னின் ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டது. அவருக்கு அளித்த கௌரவ டாக்டர் பட்டத்தை பான் பல்கலைக்கழகமும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

போருக்குப் பிறகு பெர்ட்ராம் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். 1954 ஆம் ஆண்டு மன் கொலோனுக்கு வந்தபோது இருவரும் மீண்டும் சந்தித்துக்கொண்டனர். மறு ஆண்டு மன் காலமானார். பெர்ட்ராமுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1960 ஆம் ஆண்டில் நூலாக வெளியாயின. அந்த நூலின் முதல் கடிதத்துக்கும் கடைசிக் கடிதத்துக்கும் இடையே 45 ஆண்டுகள்.

சிறையும் நாடுகடத்தலும்

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ராஜாஜியும் பெரியாரும் நினைவுக்கு வருவது இயல்பு. சேலம் நகராட்சித் தலைவராக ஒருவரும் ஈரோடு நகராட்சித் தலைவராக மற்றவரும் இருந்த காலத்து நட்பு அது. 1925 ஆம் ஆண்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய பின் இருவரும் அநேகமாக எல்லா விடயங்களிலும் எதிரெதிர் நின்றனர். 1938 ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பெரியாரைச் சிறையில் அடைத்தது ராஜாஜியின் அரசுதான். 1953 ஆம் ஆண்டில் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கண்டித்துப் போராடியவர் பெரியார்.

ஆனால் இவ்விரு மோதல்களுக்கும் இடையே, 1949 ஆம் ஆண்டு மே மாதம், தமது திருமணம் குறித்து ஆலோசிக்கத் திருவண்ணாமலையில் பெரியார் தேடிச் சென்று சந்தித்தது ராஜாஜியைத்தான். அப்போது ராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநர். 1972 ஆம் ஆண்டு டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்த பெரியார் கண்ணீர் விட்டு அழுதார்.

நண்பரின் அரசே சிறையில் தள்ளிய பின்னும் பிழைத்த நட்பு ஒன்று. நண்பரின் நூல்களைத் தீயிலிருந்து காக்க முயன்றும் முறிந்த நட்பு மற்றொன்று. வேறுபாடு எங்கே இருக்கிறது? ராஜாஜி அரசின் சிறைத் தண்டனைக்கு ஒரு காலவரையறை இருந்தது. அதை எதிர்த்து மேடையில் பேச முடிந்தது. தேர்தலில் மோத முடிந்தது. வெளியே வந்த பெரியாருக்கு அதே தமிழ்நாட்டில் அதே பொதுவாழ்வு காத்திருந்தது. எதிராளிக்கு இந்த மண்ணில் இடமே இல்லை என்று இருவரில் எவரும் சொன்னதில்லை. பெர்ட்ராம் ஏற்றுக்கொண்ட ஆட்சியோ மன்னைப் போன்றவர்களுக்கு இடம் இல்லை என்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தது.

கிழக்கு ஜெர்மனியில் அரசு இன்னொரு வழியில் நட்புக்குள் நுழைந்தது. உளவு அமைப்பான ஷ்டாஸியின் இரகசியத் தகவலாளர்களாக, ஆட்சியின் இறுதிக் காலத்தில் மட்டும் 1,70,000 க்கும் அதிகமானோர் இருந்தனர். கிழக்கு பெர்லினின் மாற்றிலக்கிய வட்டத்தின் மையமாகத் திகழ்ந்த கவிஞர் ஸாஷா ஆண்டர்ஸன் ஒரு தகவலாளர் என்பதை 1991 ஆம் ஆண்டில் பாடகர் வோல்ஃப் பியர்மன் பகிரங்கப்படுத்தினார். அங்கே நட்பைக் குலைத்தது கருத்து வேறுபாடு அல்ல, போலியான கருத்தொற்றுமை.

பான் நகர உணவகம்

ஜனநாயக ஜெர்மனியில் இதே கேள்விக்குச் சற்று இலகுவான பதில் ஒன்று கிடைத்தது. 1995 ஆம் ஆண்டில், ஹெல்முட் கோல் அதிபராக இருந்தபோது, அவரது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த இளம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் பசுமைக் கட்சியின் இளம் உறுப்பினர்கள் சிலரும் அன்று அரசும் நாடாளுமன்றமும் இயங்கிய பான்னில் ஓர் இத்தாலிய உணவகத்தில் அவ்வப்போது கூடத் தொடங்கினர். கெஸனிக் பகுதியில் இருந்த அந்த உணவகத்தின் பெயர் ஸஸெல்லா.

கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தரப்பில் பீட்டர் அல்ட்மையர், நோர்பர்ட் ரோட்கன், ஆர்மின் லாஷெட், ஹெர்மன் க்ரோஹ போன்றோர். பசுமைத் தரப்பில் துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்த ஜெம் ஒஸ்டெமிர், வோல்கர் பெக் போன்றோர். அணுமின் நிலையங்கள், குடியேற்றம், குடும்பச் சட்டம் என்று எதை எடுத்தாலும் இரு கட்சிகளும் அன்று கடுமையாக மோதிக்கொண்டிருந்தன. பசுமைக் கட்சியினரைப் பொறுப்பற்ற தெருப் போராட்டக்காரர்களாகவே பார்த்த பழமைவாதிகள் பலர் இருந்தனர்.

இந்தக் கூட்டத்துக்கு 'பீட்ஸா கனெக்ஷன்' என்று எள்ளலாகப் பெயர் வைக்கப்பட்டது. 1980களில் நியூயார்க்கில் பீட்ஸாக் கடைகளை மறைப்பாகக் கொண்டு மாஃபியா நடத்திய போதைப்பொருள் வணிகத்தின் வழக்குக்கு இருந்த பெயர் அது. எதிர்க்கட்சிக்காரருடன் உணவருந்துவது ஏறக்குறைய ஒரு குற்றச்செயல் என்ற குறிப்பு அதில் தொனித்தது.

அந்த மேசையில் யாரும் கட்சி மாறவில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் இருப்பவரின் சொல்லை நம்பலாமா என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹாம்பர்க் மாநிலத்தில் 2008 ஆம் ஆண்டில் இவ்விரு கட்சிகளும் முதன்முதலாகக் கூட்டாட்சி அமைத்தன. 2014 ஆம் ஆண்டில் ஹெஸ்ஸன், 2016 ஆம் ஆண்டில் பாடன் வூர்டம்பர்க் என்று அது பரவியது. அப்போது அந்தப் பழைய இரவுணவுகளைப் பலரும் நினைவுகூர்ந்தனர். ஒரு கூட்டணியை உணவகம் உருவாக்கிவிட்டது என்று சொல்வது மிகையாகும். தொகுதிக் கணக்குகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

ஜெர்மன் மொழியின் ஒரு வசதியையும் இங்கே குறிப்பிடலாம். தமிழில் 'நீ', 'நீங்கள்' இருப்பது போல அதில் 'டு', 'ஸீ' உண்டு. சமூக ஜனநாயகக் கட்சியினர் தமக்குள் 'டு' என்று அழைத்துக்கொள்வது நெடுநாள் மரபு. மன் பெர்ட்ராமுக்கு எழுதியபோதோ, நெருக்கம் முறிந்த காலத்திலும் 'ஸீ' என்றே எழுதினார். மரியாதைப் பன்மையும் நெருக்கத்துக்குத் தடையில்லை என்பது மாமாவையும் அண்ணனையும் 'நீங்கள்' என்று அழைக்கும் தமிழர்களுக்குப் புதிய செய்தியல்ல.

ஹேர்னவில் தொடங்கிய சந்திப்பு

1980களில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம் வழியாக மேற்கு ஜெர்மனியை அடைந்த ஈழத்தமிழர்கள் தங்கள் பிளவுகளையும் உடன் கொண்டுவந்தார்கள். ஒரே ஊரில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, வெவ்வேறு இயக்கங்களில் சேர்ந்தவர்கள் பலர். தாயகத்தில் 1986 ஆம் ஆண்டு முதல் இயக்கங்களுக்கிடையே நடந்த கொலைகள் அவர்களுக்கு வெறும் செய்திகளாக இருக்கவில்லை. அகதி முகாமில் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர், தன் நண்பனைக் கொன்ற இயக்கத்தின் ஆதரவாளராக இருக்கக்கூடும்.

இந்தப் பின்னணியில், 1988 ஆம் ஆண்டு ரூர் பகுதியின் ஹேர்ன நகரில் முதலாவது இலக்கியச் சந்திப்பு நடந்தது. சிறு சஞ்சிகைகள் நடத்தியவர்களும் எழுதியவர்களும் ஒன்றுகூடிய அந்த நிகழ்வு, பின்னர் பாரிஸ், லண்டன் எனப் பல நகரங்களுக்கும் சென்றது. தலைமைப்பீடமோ யாப்போ இல்லாத அமைப்பு என்று சொல்லத்தக்கது. முன்னாள் போராளிகள், இடதுசாரிகள், பெண்ணியவாதிகள், தலித்திய எழுத்தாளர்கள் என்று பலரும் வந்தனர். சண்டைகள் நடந்தன; சில உறவுகள் நிரந்தரமாக முறிந்தன. சந்திப்பு நிற்கவில்லை. 2013 ஆம் ஆண்டில் 40 ஆவது சந்திப்பு லண்டனிலும், கடும் விவாதங்களுக்கிடையே 41 ஆவது சந்திப்பு யாழ்ப்பாணத்திலும் நடந்தன.

இவர்களுக்கு மாற்றுக் கருத்தின் விலை என்ன என்பது தெரிந்தே இருந்தது. புலம்பெயர் மண்ணிலும் அதற்குப் பாதுகாப்பில்லை என்பதை, பாரிஸில் 1994 ஆம் ஆண்டு மே 1 ஆம் தேதி சபாரத்தினம் சபாலிங்கம் வீட்டில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டது உணர்த்தியது. அச்சம் நிலவும் இடத்தில் நட்புக்குத் தனிமனிதப் பெருந்தன்மை மட்டும் போதாது. பேசிவிட்டு உயிரோடு வீடு திரும்பலாம் என்ற உறுதி முதலில் வேண்டும்.

இன்றைய கேள்வி

2025 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 ஆம் தேதி நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில், தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீத வாக்குகள் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2021 ஆம் ஆண்டில் பெற்றதைப் போல இது ஏறக்குறைய இரு மடங்கு. வாக்களித்தோரில் ஐவரில் ஒருவர் என்றால், தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கால்பந்துக் கழகத்திலும் பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவர் என்று பொருள்.

வரி, எரிசக்தி, உக்ரைன் போர் ஆகியவற்றில் அக்கட்சியோடு உடன்படும் ஒருவரோடு, அவற்றில் உடன்படாத நண்பர் வாதிடலாம். வாதிட்டுவிட்டுச் சேர்ந்து பியர் அருந்தலாம். 'மீள்குடிப்பெயர்வு' என்று அக்கட்சியினர் பயன்படுத்தும் சொல்லில்தான் சிக்கல் எழுகிறது. நாட்டை விட்டு வெளியேறச் சட்டப்படி கடமைப்பட்டவர்களை மட்டுமே அது குறிப்பதாகக் கட்சி கூறுகிறது. 2023 ஆம் ஆண்டு நவம்பரில் பாட்ஸ்டமில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜெர்மன் குடியுரிமை பெற்றவர்களையும் வெளியேற்றுவது பற்றிப் பேசப்பட்டதாக 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் 'கொரெக்டிவ்' செய்தி நிறுவனம் வெளியிட்ட தகவல், இலட்சக்கணக்கானோரை வீதிக்கு இறக்கியது. அந்தச் செய்தியின் சில பகுதிகள் நீதிமன்ற வழக்குகளுக்கும் உள்ளாயின.

அக்கட்சிக்கு வாக்களிக்கும் ஜெர்மானியர், தன்னோடு பணிபுரியும் தமிழரிடம், உன்னை நான் சொல்லவில்லை என்று கூறக்கூடும். மனதாரவே கூறக்கூடும். பெர்ட்ராம் குண்டோல்ஃபின் நூல்களுக்குக் கேட்டதும் இத்தகைய விலக்கைத்தான்.

அதைக் கேட்கும் தமிழர் நட்பை முறிக்கலாம். முறிக்காமல், விலக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உரையாடலைத் தொடரலாம். முறித்துக்கொள்வோரைக் குறைகூற முடியாது. ஆனால் இரண்டாவது வழி, மன்னுக்கு 1933 ஆம் ஆண்டில் இல்லாதது. இன்றைய ஜெர்மனியில் நீதிமன்றங்களும் சுதந்திர ஊடகங்களும் இயங்குகின்றன. 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், பழைய குடியுரிமையைத் துறக்காமலே ஜெர்மன் குடியுரிமை பெற வழி செய்தது. ஹம் நகரில் 2002 ஆம் ஆண்டில் எழுந்த காமாட்சி அம்மன் ஆலயத்தின் தேர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் கூடும் ஆயிரக்கணக்கானோரில் பலர் இன்று இந்நாட்டின் வாக்காளர்கள்.