நிழலுக்கு அஞ்சாத கேமரா

மடுல்சீமைப் பனிமூட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘மூன்றாம் பிறை’ (1982) அந்நியமாக இருக்காது. நீலகிரியின் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த கடைசிக் காட்சியில் மழையும் சேறும் மங்கல் வெளிச்சமுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பதுளைப் பாதையிலும் அப்படிப்பட்ட நிலையங்கள் உண்டு.

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திராவும் நம் நாட்டுக்காரர்தான். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். புனேயில் ஒளிப்பதிவு படித்தார். கன்னட ‘கோகிலா’வும் (1977) ‘மூன்றாம் பிறை’யும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதை வாங்கித் தந்தன.

அவருடைய ஒளிப்பதிவைப் புரிந்துகொள்ள, மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இயற்கை வெளிச்சத்தை நம்பியவர் பாலு மகேந்திரா; முகத்தில் பாதி நிழல் விழுந்தாலும் கவலைப்படமாட்டார்.

அவருடைய ‘வீடு’ (1988) படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைத் தனியே சுற்றிப் பார்ப்பார். சுவரைத் தடவும் அந்தக் கையைக் கேமரா அவசரமில்லாமல் பின்தொடரும். வசனமே தேவைப்படவில்லை.